நான்கு நூல் உயரம்

என் மகள் துப்பாக்கி சுடப் பழகுகிறாள் என்று சொன்னால் இலக்கிய நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, உங்கள் வீட்டில் ஒருவருக்காவது குறி தவறாமல் இருக்கட்டும் என்பார்கள். கோவையில் மூன்று ஆண்டுகளாக அவள் பழகி வருவது 10 மீட்டர் ஏர் ரைபிள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம் கொண்டது. பாயும் ஈயக்குண்டோ 4.5 மில்லிமீட்டர். போட்டியில் 60 குண்டுகள், 75 நிமிடங்கள். 2018க்கு முன் பெண்களுக்கு 40 குண்டுகள்தாம். ஐந்து கிலோ அளவுக்குக் கனக்கும் ஒரு பொருளைத் தோளிலும் கன்னத்திலும் பொருத்தி, ஏறத்தாழ அசைவற்று நிற்கும் விளையாட்டு இது. பார்ப்பவனுக்கு இதைவிடச் சலிப்பூட்டும் விளையாட்டு வேறில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கட்டுரை துப்பாக்கியின் கட்டையைப் பற்றியது. கிளப்பில் எல்லோரும் 'ஸ்டாக்' என்பார்கள். ஈழத்துக் கதைகளில் 'சோங்கு' என்ற சொல்லை வாசித்திருக்கிறேன். அழகான சொல், ஆனால் என் வாயில் ஒட்டவில்லை. நான் கட்டை என்றே எழுதுகிறேன். அதன் மேல் விளிம்பில் கன்னம் படியும் பகுதியைக் கன்னத்தாங்கி என்று வைத்துக்கொள்வோம்.

நாங்கள் வாங்கியது பழைய ஜெர்மன் துப்பாக்கி. வால்நட் மரக்கட்டை, கன்னத்தாங்கி அசையாதது. ஓய்வுபெற்ற வீரர் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தார். முதல் ஆண்டு எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு அவளது புள்ளிகள் சரியத் தொடங்கின. முதல் இருபது குண்டுகள் ஒழுங்காக விழும். நாற்பதைத் தாண்டினால் சிதறும். நான் வாசிப்புப் பழக்கம் உள்ளவன். ஆகவே காரணத்தை உடனே மனத்தில் தேடினேன். தியானம் பற்றிய புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். மாவட்ட அளவிலான ஒரு போட்டி முடிந்து காரில் திரும்பும்போது, "உனக்கு மன உறுதி போதாது" என்றும் சொல்லிவிட்டேன். அவள் வீடு வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து, என் தங்கைக்கு அனுப்புவதற்காக அவள் சுடுவதைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தேன். கைபேசியில் அதற்குச் சற்று மேலேயே இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படம் இருந்தது. பழைய படத்தில் தலை நிமிர்ந்திருந்தது. புதியதில் கழுத்து முன்னோக்கி மடங்கி, கொக்கு மீனைப் பார்ப்பதுபோல் இருந்தது. இடையில் அவள் வளர்ந்திருந்தாள், கட்டை வளரவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சியாளர் உள்ள இடத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டிலேயே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளரிடம் படங்களைக் காட்டினேன். அவர் அவளைக் கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தைச் சுகமாக வைத்து, பிறகு கண் திறக்கச் சொன்னார். பின்புறத் துளையின் நடுவில் தெரிய வேண்டிய முன்வளையம் கீழே ஒதுங்கித் தெரிந்தது. கண் துளைக்குத் தாழ்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய அவள் கன்னத்தைக் கட்டையிலிருந்து விலக்கித் தலையைக் கழுத்துத் தசையாலேயே தாங்கிக்கொண்டிருந்தாள். தசை நாற்பது குண்டுவரை தாங்கும், பிறகு தளரும். காட்சித் துளைக்கும் முன்வளையத்துக்கும் இடையே சுமார் 70 சென்டிமீட்டர். அந்த நேர்கோடு 0.1 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தொலைவில் குண்டு 1.4 மில்லிமீட்டர் விலகிப் போகும். 10.9 கிடைக்க வேண்டிய குண்டு 10.4 ஆகிவிடும். இதற்கும் மன உறுதிக்கும் என்ன தொடர்பு?

அதன் பிறகு நான் கட்டைகளை ஆராயத் தொடங்கினேன். முதலில் ஒட்டும் நுரைப்பட்டை. சில நூறு ரூபாய். கண் உயரம் சரியாக வந்தது, ஆனால் நுரை அமுங்குகிறது. அரை மணி நேரத்தில் வியர்வையில் ஊறி வேறோர் உயரமாகிவிடுகிறது. அடுத்து, தனியாக விற்கப்படும் அலுமினியக் கட்டை. அவள் தோழி ஒருத்தி இதே துப்பாக்கியில் ஒன்றைப் பொருத்தியிருந்தாள்; ஒரு வாரம் இரவல் தந்தாள். கன்னத்தாங்கியை மேலே, கீழே, பக்கவாட்டில், முன்பின்னாக, சாய்வாக எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டர் கோடுகள். உண்மையிலேயே வியக்கத்தக்க பொருள். அதன் விலை என் மூன்று மாதச் சம்பளம் என்பது ஒருபுறம் இருக்க, வேறொரு சிக்கலையும் கண்டேன். ஒரு குண்டு தவறினால் அவள் கை திருகாணியைத் தேடிப் போயிற்று. வார முடிவில் எந்த அளவில் தொடங்கினோம் என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. தன் நிலை இன்னும் நிலைபெறாதவருக்கு ஏழு திருகாணிகள் ஏழு சாக்குகள். இரண்டு ஆண்டு கழித்து அவளுக்கு அது தேவைப்படும் என்று நினைக்கிறேன். இப்போது உயரம் ஒன்று மட்டும் மாறினால் போதும்.

ஆகவே தச்சரிடம் போனோம். கன்னம் படியும் பகுதியைத் தனியே அறுத்தெடுத்து, அதையே இரண்டு கம்பிகளின் மேல் ஏறி இறங்கும்படி பொருத்த வேண்டும். ஒற்றைக் கம்பி கூடாது, ஆடும். கம்பிகளை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தச்சர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறுத்துப்போட்டா மறுபடி ஒட்ட முடியாதுங்க. யோசிச்சுக்கோங்க."

நான் மகளைப் பார்த்தேன். "அறுக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். வாள் வால்நட்டில் இறங்கியபோது எழுந்த மணம் இன்னும் நினைவில் இருக்கிறது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பொருத்தியபின் கண்களை மூடித் திறக்கும் சோதனையை இருபது முறை செய்தாள். தச்சர் மில்லிமீட்டர் பேசவில்லை; நூல் கணக்குதான். எட்டு நூல் ஓர் அங்குலம். நான்கு நூல் உயர்த்தியபோது முன்வளையம் நடுவில் வந்து நின்றது. இருபதில் பதினெட்டு முறை நின்றது.

அந்த அளவைக் குறித்துவைக்க அவளது பயிற்சி நோட்டை எடுத்தேன். தேதி, புள்ளி, குறிப்பு என்று மூன்று பத்திகள். புரட்டும்போது அந்த மாவட்டப் போட்டியின் தேதி கண்ணில் பட்டது. குறிப்புப் பத்தியில் 'மன உறுதி போதாது' என்று எழுதியிருந்தாள். அதற்கடுத்த ஒவ்வொரு தோல்விக்கும் நேராக மேற்படிக் குறி. ஒன்பது இடங்களில்.

நான் எதையும் எழுதாமல் நோட்டை அவளிடமே நீட்டி, நடந்தது கட்டையின் தவறு, நான் சொன்னது பிழை என்றேன். "தெரியும்ப்பா, படத்தைப் பார்த்த அன்னைக்கே தெரியும்" என்றாள். அன்றைய தேதியைப் போட்டு, குறிப்பில் '4 நூல்' என்று எழுதினாள். மேலே இருந்தவற்றை அவள் அடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் இன்னும் அரை நூல் ஏற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார் பயிற்சியாளர்.