நானாவின் ரொட்டி

பிரெட் என்றால் எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரர் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரெட், நாலு சாத்துக்குடி. உடம்பு தேறியதும் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பிரெட்டை, அதுவும் அயர்லாந்து முறையில், ஆம்பூரில் கொட்டாங்குச்சித் தணலில் சுட்டுப் பார்த்த கதை இது. பிரியாணியைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இதிலும் பிரியாணி கொஞ்சம் வருகிறது.

என் பெண் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. இரண்டு பேருக்கும் ஷிப்ட். பேத்திக்கு இப்போது 8 வயது. ஒரு வயதிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அம்மாள். அந்த ஊர்க்காரர்தான், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பேத்தி அவரை ‘நானா’ என்று கூப்பிடுகிறாள். அங்கே அது பாட்டிக்குச் சொல்கிற வார்த்தை.

எங்கள் ஜில்லாவில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம். மதுரைப் பக்கம் அம்மாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கம் அம்மாயி, எங்களுக்கு ஆயா. பட்டணத்தில் அது பிள்ளை பார்க்கிற வேலைக்காரிக்குப் பேர். இங்கிலீஷ் டிக்ஷனரியிலும் அந்த அர்த்தம்தான் போட்டிருக்கிறது. ஆகக் கூடி, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் பாட்டி, பாட்டியாகிய நான் ஆயா! இதில் இன்னொரு கூத்து, ஆம்பூரில் உருது பேசுகிற வீடுகளில் நானா என்றால் அம்மாவைப் பெற்ற அப்பா. எதிர்வீட்டு பாய், “உன் நானா தாடி வச்சிருக்காரா பாப்பா?” என்று கேட்கப்போய், அவள் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை.

அங்கே சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் லீவு. போன வருஷம் பெண் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குக் கிடைத்தது 16 நாள் லீவு. அது முடிந்ததும் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். ஆகஸ்ட் கடைசியில் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு.

இட்லி, தோசை, ரசம் சாதம் எல்லாம் சாப்பிட்டாள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு மணி ஆனால் முகம் மாறிவிடும். அந்த நேரத்துக்கு அங்கே பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நானா சுட்ட ரொட்டியில் கனமாக ஒரு துண்டு, அதன்மேல் உப்பு வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுப் பழக்கம். பேக்கரி பன் வாங்கிக் கொடுத்தேன், ரஸ்க் கொடுத்தேன், வெண்ணெய் பிஸ்கட் கொடுத்தேன். எதுவும் இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, நானா வீட்டுக்குப் போகணும் என்று இங்கிலீஷில் சொல்லி அழுதாள். அம்மாவைத் தேடி அழுதிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயசானால் அதெல்லாம் போய்விடும் என்கிறார்கள். எனக்குப் போகவில்லை.

அன்று ராத்திரியே பெண்ணுக்கு போன் போட்டு அந்த ரொட்டியின் செய்முறையைக் கேட்டேன். மறுநாள் நானா தன் கையால் எழுதிய ஒரு சீட்டு, போட்டோவாக வந்தது. கோழி கிளறிய எழுத்து. 36 வருஷம் தபால் இலாகாவில் விலாசம் படித்த கண் என்பதால் தப்பித்தேன். நாலே சாமான்: மாவு 450 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், மோர் 350லிருந்து 400 மில்லி. முட்டை இல்லை, சர்க்கரை இல்லை, ஈஸ்ட் இல்லை. சோடா என்றால் நம் ஆப்ப சோடாவேதான். அவர்கள் அதற்கு பிரெட் சோடா என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதைப் போடக் கூடாது.

மோர் போட்டு ரொட்டியா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். விஷயம் இதுதான். அயர்லாந்து ஈரமான குளிர் தேசம். அங்கே விளைகிற கோதுமை மிருதுவான ரகம், மாவில் இழுவை குறைவு. ஈஸ்ட் போட்டு உப்பவைக்க அது தோதுப்படாது. 19ஆம் நூற்றாண்டில் சோடா உப்பு கடைகளில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு மாடு, வெண்ணெய் எடுத்த மோர் எப்போதும் இருக்கும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் உடனே பொங்கும், அந்தக் காற்றில் மாவு எழும்பும். 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்ததே, அதில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் அத்தனை பேர் கப்பலேறிப் போனார்கள். அப்புறம் இந்த ரொட்டி இன்னும் பரவிவிட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறபோது குரல் இறங்கிவிடும். கார்க் பக்கத்திலும் இன்றைக்கும் அப்படித்தானாம், பெண் சொல்வாள்.

நாம் இப்போது மோர் என்று சொல்வது தயிரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கியது. அது இதற்கு உதவாது. நான் மூன்று நாள் பாலாடை சேர்த்து உறைய வைத்து, பரணில் கிடந்த மத்தை இறக்கிக் கடைந்து, வெண்ணெய் எடுத்தேன். அடியில் நின்ற கெட்டி மோரை ஒருநாள் வெளியிலேயே வைத்துப் புளிக்க விட்டேன். வெண்ணெயில் உப்புப் போட்டுப் பிசைந்து வைத்துக்கொண்டேன், ரொட்டிக்குத் தடவ.

சீட்டில் நானா இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார். சோடாவை உள்ளங்கையில் வைத்துக் கட்டியில்லாமல் தேய்த்துப் போட வேண்டும். கட்டி நின்றால் அந்த இடம் மஞ்சளாகும், சோப்பு மாதிரி கசக்கும். இரண்டாவது, பிசையவே கூடாது. எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். சப்பாத்தி மாவை அடித்துப் பிசைந்து பழகிய கை. பரோட்டா மாஸ்டர் மாவை அறைகிற அறை நம் ஊரில் தெருமுனை வரை கேட்கும். இதிலோ விரல்களை விரித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று, மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மோர் பட்ட நிமிஷத்திலிருந்து சோடா வேலை செய்ய ஆரம்பித்துவிடுவதால் ஊறவைப்பதும் கிடையாது. உருண்டையாக்கி, லேசாகத் தட்டி, கத்தியால் மேலே சிலுவை மாதிரி ஆழமாகக் கீறி உடனே அடுப்புக்கு. கீறுவது குட்டித் தேவதைகள் வெளியே போவதற்கு என்று அங்கே சொல்வார்களாம். நடுப்பாகம் வேகத்தான், வேறென்ன.

பெண் வாங்கி வைத்துவிட்டுப் போன சின்ன கரண்ட் அவனில் 230 டிகிரியில் கால் மணி, 200 டிகிரியில் அரை மணி வைத்தேன். நன்றாகத்தான் வந்தது. பேத்தி இரண்டு துண்டு தின்றாள். “நல்லா இருக்கு ஆயா” என்றாள். அப்புறம், மேல்பொருக்கு வேற மாதிரி இருக்கு என்றாள். அந்த வயசுப் பிள்ளைக்கு உபசாரப் பேச்சு தெரியாது, அது நல்லதுதான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு (அங்கே அப்போது மத்தியானம் 12) வீடியோவில் நானாவைக் கூப்பிட்டோம். முதல் தடவையாக நானும் அவரும் நேருக்கு நேர். என் இங்கிலீஷ் தபாலாபீஸ் இங்கிலீஷ். அவர் பேசுவது பாட்டுப் பாடுவது மாதிரி ஏறி இறங்குகிறது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பேத்திதான் நடுவில் உட்கார்ந்து இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே சொன்னாள். அதுவரை நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்று முக்கால் மணி நேரம் தமிழ் பேசினாள். “ஆயா, நானா சொல்றாங்க, அவங்க ரொட்டியும் அவங்க அம்மா ரொட்டி மாதிரி இல்லையாம்.”

நானா பிறந்தது கார்க்குக்கு மேற்கே ஒரு பண்ணை வீட்டில். அங்கே அவன் கிடையாது. ‘பாஸ்டிபிள்’ என்று கனமான வார்ப்பு இரும்புப் பாத்திரம், மூன்று குட்டைக்கால், தட்டை அடி, மேலே மூடி. எரிப்பது டர்ஃப். சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி, நம் வறட்டிபோலக் காயவைத்து எரிப்பார்கள். மாவைப் பாத்திரத்துக்குள் வைத்து மூடி, நெருப்பில் வைத்து, மூடிக்கு மேலேயும் தணலை அள்ளிப் போடுவார்களாம். இதைப் பேத்தி எனக்குச் சொல்லத் தமிழில் வார்த்தை தெரியாமல் கையால் காட்டினாள். ஒரு கை கீழே, ஒரு கை மேலே.

ஆம்பூரில் இதை விளக்க வேண்டுமா? தம்!

எதிர்வீட்டு பாய் கல்யாணங்களுக்குச் சமைக்கிற பண்டாரி. அப்பா காலத்திலிருந்து தேக்சா மூடிமேல் தணல் போட்டே வளர்ந்த குடும்பம். போய்ச் சொன்னதும், “மைதாவுக்கு தம்மா? பண்ணிடலாம் போஸ்ட்டாபீஸ் அம்மா” என்று அவர்கள் வீட்டிலேயே சின்னதும் கனமானதுமான தேக்சா ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். பின்கட்டில் மூன்று கல் கூட்டினோம். கொட்டாங்குச்சி எரித்துத் தணலாக்கினோம். பேத்தியை வாசல்படிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். பாய் வெறும் தேக்சாவை முதலில் சூடாக்கி, அடியில் ஒரு பிடி மாவு தூவி, அது மெதுவாகப் பழுக்கிறதா என்று பார்த்தார். கருகினால் சூடு அதிகம். ரொட்டியை இறக்கியதும் கீழே கொஞ்சம் தணல், மேலே அதைப்போல இரண்டு பங்கு. “அடி சீக்கிரம் புடிச்சுக்கும், மேல்தான் நெருப்பு கேக்கும்” என்றார். பிரியாணிக்கும் அதே கணக்கு. இந்தத் தடவை மைதாவில் மூன்றில் ஒரு பங்கு சக்கி ஆட்டா கலந்திருந்தேன். அது தண்ணீர் அதிகம் குடிக்கும் என்பதால் மோர் அரைக் கரண்டி கூட.

பாய் கடிகாரம் பார்க்கவில்லை, மூக்கால் பார்த்தார். முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும். மூடியைத் திறந்தபோது பின்கட்டு முழுக்க வாசனை. மேலே நாலு பாகமாகப் பிளந்து, விளிம்பில் ஒரு இடம் கரும்பழுப்பு, பொருக்கு விரல் கனம். துணியில் சுற்றிச் சூடு ஆறுவதற்குள் பேத்தி நானாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

நானா ரொட்டியைத் திருப்பி அடியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அப்புறம் தட்டச் சொன்னார். வெந்த ரொட்டியின் அடியைத் தட்டினால் காலிக் குடத்தைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும், அதுதான் பதம். போனைக் கிட்டே வைத்துக்கொண்டு விரல் முட்டியால் தட்டினேன். டொம் டொம் என்றது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் போனைப் பார்த்தால், முகம் இருக்கிறது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். பேத்தி எதையும் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

துண்டு போட்டு வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். மென்றுகொண்டே யோசித்தாள். “இது நானா ரொட்டி இல்ல ஆயா. நானாவோட அம்மா ரொட்டி” என்றாள். பாய்க்குக் கால் பாகம் போயிற்று. அவர்கள் வீட்டில் தால்ச்சாவில் தொட்டுச் சாப்பிட்டார்களாம், பிரமாதமாம். என் வீட்டுக்காரர் மறுநாள் மிச்சத்தைத் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டித் தின்றார். முதல் நாள் ருசி மறுநாள் இருக்காது, இந்த ரொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும்.

அப்புறம் வாரம் இரண்டு தடவை நானாவோடு பேச்சு. என் கையில் இருந்த மத்தை ஒருநாள் பார்த்துவிட்டார். அவர்கள் வீட்டிலும் வெண்ணெய் கடைய மரத்தொட்டியும் தடியும் இருந்ததாம். கடைகிற நேரத்தில் யார் வீட்டுக்குள் வந்தாலும், தபால்காரரானாலும், ஒரு கை பிடித்துக் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் திரளாது என்று நம்பிக்கை. ‘உன் ஆயா தபாலாபீஸ்தானே, அவரையும் கடைய விட்டிருப்போம்’ என்று சொன்னதாகப் பேத்தி சொன்னாள்.

மாப்பிள்ளை ஆகஸ்ட் கடைசியில் வந்து பெட்டியை எடை போட்டபோது ஊறுகாய், மிளகாய்ப்பொடி, சீரகச்சம்பா என்று ஏற்கெனவே அளவைத் தாண்டியிருந்தது. “இது எதுக்கு அத்தை, அங்க மிக்ஸி இருக்கே” என்றார் மத்தைப் பார்த்து. உங்களுக்கில்லை, பக்கத்து வீட்டுக்கு என்றேன். ஒரு கிலோ சீரகச்சம்பாவை எடுத்துவிட்டு, பெட்டியில் குறுக்காக வைத்தால் அது சரியாக இருந்தது.

இப்போது நானா வீட்டு அடுப்படியில் ஆணியில் தொங்குகிறதாம். அதை வைத்து அந்த அம்மாள் எதைக் கடைகிறாரோ தெரியவில்லை. பேத்தியைக் கேட்டால், “ஸ்கூல் விட்டுப் போனா நான் ஒரு சுத்து சுத்தணும் ஆயா, அப்பத்தான் ரொட்டி” என்கிறாள்.