சுளுக்குதானே

மகளுக்கு அப்போது எட்டு மாதம். அவளை இடது தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தைய படியில் வலது பாதம் உள்பக்கமாகப் புரண்டது. படியில் ஈரம் இல்லை, செருப்பும் வழுக்கவில்லை. கால் தன்பாட்டுக்கு மடிந்துவிட்டது. முழங்கை கம்பியில் இடித்து, முதுகு சுவரில் உரசி, எப்படியோ உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

அன்றிரவு மனைவி ஒன்றுதான் சொன்னாள். "இனிமே படியில அவள நானே தூக்கிக்கிறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பால் வாங்கி வந்துவிட்டேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

கதை அதற்குப் பதினான்கு வருடம் முன்பே தொடங்கியது. பொறியியல் இரண்டாம் வருடம். வாலிபாலில் எம்பிக் குதித்து இன்னொருவன் கால்மேல் இறங்கினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை. "சுளுக்குதானே" என்றார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தா, இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் நல்லெண்ணெய் போட்டு வழித்துவிட்டார். வீக்கம் வடிந்தது. மூன்றாவது வாரம் மறுபடி வாலிபால்.

அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை புரளும். நானும் பழகிக்கொண்டேன். மேடுபள்ளம் பார்த்தே நடப்பேன். மணலில் செருப்பில்லாமல் நடக்கமாட்டேன். பிழையைச் சரிசெய்யாமல் அதைச் சுற்றிப் போகிற கோடை அலுவலகத்தில் யார் எழுதினாலும் திருப்பி அனுப்புகிறவன் நான். என் காலில் அதையே பதினான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

டாக்டர் ஒரு கையால் கெண்டைக்காலுக்குக் கீழே பிடித்து, மறு கையால் குதிகாலை முன்னால் இழுத்தார். பாதம் இழுப்பறை போல நகர்ந்து வந்தது. இடது காலில் அப்படி வரவில்லை. வெளிக் கணுவின் எலும்பையும் அதற்கு உள்ளே முன்பக்கம் இருக்கும் தாலஸ் எலும்பையும் இணைக்கும் ஒரு சின்ன லிகமென்ட் இருக்கிறது. பாதம் உள்பக்கம் புரளும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது அதுதான். என்னுடையது அறுந்து, ஆறி, நீண்டுபோயிருந்தது, பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரி.

உடனே கத்தி எடுக்கவில்லை. முதலில் மூன்று மாதம் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் நாளே, "கண்ண மூடிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க சார்" என்றாள். இடது காலில் அரை நிமிடம் நின்றேன். வலது காலில் நான்கு நொடி. ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1965இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். லிகமென்ட் கிழியும்போது கயிறு மட்டும் அறுவதில்லை, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சேதி சொல்லும் நரம்பு முனைகளும் கெடுகின்றன. கால் புரள ஆரம்பித்த செய்தி தாமதமாகத்தான் போய்ச்சேர்கிறது.

பயிற்சியில் நான்கு நொடி இருபதானது. ஆனால் இழுப்பறை அப்படியேதான் இருந்தது. அறுவை சிகிச்சை என்று முடிவானது.

அடிப்படை முறை ஸ்வீடனைச் சேர்ந்த ப்ரோஸ்ட்ரோம் 1966இல் எழுதியது. தளர்ந்த லிகமென்டை அதன் இடத்திலேயே இழுத்துத் தைப்பது. 1980இல் கூல்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டையையும் சேர்த்துத் தைத்து அதைப் பலப்படுத்தினார். அப்போது கணுக்காலைத் திறந்துதான் செய்வார்கள். கேமரா குழாயை உள்ளே விடலாம் என்பதை யாரும் எளிதில் நம்பவில்லை. 1931இல் நியூயார்க்கில் பர்மன் சடலங்களில் சோதித்துப் பார்த்து, கணுக்கால் மூட்டு மிகக் குறுகல், ஆர்த்ரோஸ்கோப்புக்கு ஏற்றதல்ல என்று எழுதினார். ஜப்பானின் வதனாபே 1972இல் மெல்லிய குழாயால் 28 கணுக்கால்களைப் பார்த்ததாகப் பதிவு செய்தார். அந்த வழியில்தான் இன்று லிகமென்டையும் தைக்கிறார்கள்.

முதுகில் ஊசி போட்டிருந்ததால் விழித்திருந்தேன். திரையில் உப்புநீர் ஓடும் ஒரு வெள்ளைக் குகை, பாசி மாதிரி ஆடும் நார்கள். அது என் கால் என்பதே உறைக்கவில்லை. எலும்பில் துளையிட்டு, நூல் கோத்த இரண்டு ஆங்கர்களைப் பதித்து, நாரை இழுத்துக் கட்டினார்கள். வெளியே பார்த்தால் மூன்று சின்னக் காயங்கள்.

"மூணு ஓட்டைதானே, அடுத்த வாரம் ஆபீஸ் போலாமா?" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "தோலுக்குத்தான் சார் சின்ன ஆபரேஷன். உள்ள நார் எலும்போட ஒட்டுறதுக்கு அதே நாள்தான் ஆகும்."

"சுளுக்குதானே" என்று நம்பிய அதே ஆள் இப்போது "ஓட்டைதானே" என்று கேட்டிருக்கிறேன். எக்ஸ்ரேயில் தெரியாததை அன்று கணக்கில் எடுக்கவில்லை. இன்று தழும்பின் அளவை வைத்துக் காயத்தை அளந்தேன்.

இரண்டு வாரம் கால் ஊன்றவில்லை. பிறகு பூட்ஸ் மாதிரி ஒரு கவசம். மகள் என் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். கவசத்தைக் கழற்றி, காலுக்குக் கொஞ்சம் பலம் வந்ததும் மறுபடி கண்ணை மூடி நின்றேன். மூன்று நொடி. நார் இறுகிவிட்டது, சேதி இன்னும் வரவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிட மோசம். "வரும் சார், டெய்லி நில்லுங்க" என்றாள் பிசியோ பெண். பல் தேய்க்கும்போது நின்றேன். மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு நின்றேன். ஐந்தாவது மாதம் முப்பது நொடியைத் தொட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். மனைவியின் கையில் பை. இரண்டாம் மாடியில் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு, "இந்தா, பிடி" என்று மகளைத் தந்தாள். எட்டு மாதத்தில் தூக்கியதைவிடக் கனம். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

மனைவி எனக்கு ஒரு படி முன்னால் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பையை மட்டும் இடது கைக்கு மாற்றியிருந்தாள்.