ஆடிட்டருக்கு ஒரு லேசர்

ஸ்டாக் ரெஜிஸ்டரில் நூறு மூட்டை என்றால் குடோனிலும் நூறு மூட்டை இருக்க வேண்டும். பதினைந்து வருஷமாக எனக்குச் சம்பளம் இந்த ஒரு வேலைக்குத்தான். மூட்டையை எண்ணிவிடலாம். யுரேனியத்தை?

யுரேனியத்தில் இரட்டைப் பிள்ளைகள் உண்டு. 235, 238. மூத்தவனுக்கு மூன்று நியூட்ரான் கூடுதல். மற்றபடி அச்சு அசல். ஆனால் உலையில் சட்டென்று பிளந்து சூடு கொடுப்பவன் இளையவன் 235-தான். பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் அவன் பங்கு நூற்றுக்கு 0.7. கூடங்குளம் மாதிரி உலைக்கு மூன்று முதல் ஐந்து. தொண்ணூறு என்றால் சார், அணுகுண்டு! சதவீதம் தெரிந்தால் சங்கதி தெரிந்துவிடும்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? துளியூண்டு எடுத்து, ஆசிடில் கரைத்து, நிறைமானியில் அளப்பார்கள். துல்லியம்தான், நேரம் பிடிக்கும். லேசருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எங்க டவுண் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தூணுக்குத் தூண் ஸ்வரம் மாறும். லேசரும் தட்டுகிறது. பட்ட இடம் ஆவியாகி, பத்தாயிரம் டிகிரி தாண்டிய பிளாஸ்மாவாகிறது. அது ஆறும்போது ஒவ்வொரு தனிமமும் தன் நிறத்தில் ஒளி விடும். 2023 ஆகஸ்டில் நம்ம பிரக்யான் வண்டி நிலவில் கந்தகத்தைக் கண்டுபிடித்தது இந்த வித்தையால்தான்.

சிக்கல், நம் இரட்டையர் கிட்டத்தட்ட ஒரே ஸ்வரம். 424.4 நானோமீட்டர் ஊதாக் கோட்டில் இருவருக்கும் வித்தியாசம் வெறும் 0.025. சாதாரணக் காற்றில் கோடுகள் தடித்து ஒட்டிக்கொள்ளும். ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் தம்பூரா கேட்கிற கதை. அதனால் காற்றைக் குறைத்த பெட்டிக்குள் அளக்கிறார்கள். துல்லியத்தில் நிறைமானிதான் இன்னும் அண்ணன், வேகத்தில் லேசர்.

இதையெல்லாம் ராதாபுரம் பக்கம் இருக்கிற என் மாமனாரிடம் ஒருநாள் அளந்தேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏன் மாப்ளே, கூடங்குளத்துக்கு உங்களை மாதிரி ஆடிட்டர் வாராங்களா?"

"வாராங்க மாமா. முதல் ரெண்டு உலையும் வியன்னாவுல இருக்கிற சர்வதேச அணுசக்தி முகமையோட கண்காணிப்புலதான் இருக்கு."

"எதைப் பாப்பாங்க?"

"எரிபொருள் கணக்கை. குண்டு கிண்டுன்னு வேற வழிக்குத் திருப்பிடலையேன்னு."

"அது உலகத்தோட பயம்லா? எங்க பயம், கசிஞ்சா என்ன செய்யன்னுதான்."

லேசரிடம் அதற்குப் பதில் இல்லை. "அதுக்கு வேற ஆளு, வேற மீட்டர் மாமா" என்றேன்.

"இருக்கட்டும். பாத்ததை எங்க ஊருக்கு வந்து எங்களுக்குப் புரியுற தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. கணக்கு சரியா இருந்தா மட்டும் போதுமா மாப்ளே? வாசிச்சுக் காட்டணும்லா."

பதினைந்து வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஆடிட் ஆட்சேபணையை நான் பார்த்ததில்லை.