பதினெட்டு சதவீதக் கல்லூரி

கட்சிக்காரர் கொண்டுவரும் பையில் நான் முதலில் தேடுவது ரசீதைத்தான். கதையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கதை சொல்லும்போது கோபம் வரும், அழுகை வரும், யோசனை சொன்ன பக்கத்து வீட்டுக்காரி வருவாள். ரசீதில் தேதியும் தொகையும் மட்டும்தான் இருக்கும்.

2022-இல் குலசேகரம் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய்க்கு அண்டி ஆபீஸில் வேலை. வெளியூர்க்காரர்கள் முந்திரி ஆலை என்று படித்துக்கொள்ளலாம். முந்திரிப் பால் பட்டுக் கருத்த விரல்களால் ஒரு துண்டறிக்கையை விரித்து மேஜையில் வைத்தார். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மழைக்காலத்தில் அந்த வேலையும் இராது. மகள் பிளஸ் டூ முடித்து ஒரு துணிக்கடையில் நின்றவள்.

துண்டறிக்கை வழவழப்பான தாளில் இருந்தது. ஆறே மாதத்தில் ‘புரொஃபஷனல் நானி டிப்ளமோ’, லண்டன் பாடத்திட்டம், அரசு அங்கீகாரம், துபாய், மஸ்கட், லண்டனில் நூறு சதவீத வேலை, மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம். ஒரு படமும் உண்டு: பழுப்பு நிறச் சீருடை, தொப்பி, கையுறை அணிந்த வெள்ளைக்காரப் பெண்கள் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

அந்தச் சீருடை எங்கேயோ பார்த்ததாக இருக்கிறதே என்று அன்று இரவு தேடினேன். இங்கிலாந்தில் பாத் நகரத்தில் இருக்கும் நார்லாண்ட் கல்லூரியின் சீருடை அது. 1892-இல் எமிலி வார்ட் என்ற அம்மையார் தொடங்கியது. குழந்தை வளர்ப்பை முறையாகப் படித்துச் செய்யவேண்டிய தொழிலாக ஆக்கியதில் பெரிய பங்கு அவருடையது. இன்று அங்கே மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. வழுக்கும் சாலையில் கார் ஓட்டவும் தற்காப்புக்கும்கூடப் பயிற்சி தருகிறார்கள். அதன் பிறகும் சம்பளத்தோடு ஓராண்டு ஒரு குடும்பத்தில் வேலை பார்த்தால்தான் முழுத் தகுதி. நம் துண்டறிக்கைக்காரர் அந்தப் படத்தை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டு மீதியை ஆறு மாதத்தில் முடித்துவிட்டார்.

ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் மாவட்டத்தில் பெண் பிள்ளைகள் மருத்துவமனை வேலைக்குக் கடல் கடந்து போவது புதிதல்ல. 1838-இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மண்ணுக்கு அந்தத் தொழில் பழக்கம். ஊருக்கு நாலு வீட்டிலாவது மஸ்கட்டிலோ குவைத்திலோ ஒரு நர்ஸ் இருப்பாள். நர்சிங் படிக்கவைக்க வசதியில்லாத வீட்டில் ‘நானி’ என்றதும் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்திருக்கிறது.

“ஒரு ஜோடி வளையல்தான் சாரே இருந்தது. அதைப் பணயம் வச்சும், சிட்டி பிடிச்சும் குடுத்தேன். பிள்ளைக்கு ஒரு வழியாவட்டும்னு.”

“மக்களே, ரசீது எல்லாம் இருக்கா?” என்று மகளிடம் கேட்டேன். அவள் தாயைவிடக் கணக்கானவள். அதுவரை கட்டிய கட்டணம் ஒரு லட்சம், அதன்மேல் 18,000, ஆகமொத்தம் 1,18,000-க்கு ரசீது வைத்திருந்தாள். மார்த்தாண்டத்தில் ஒரு முகவர் ‘விசா ஃபைல்’ போடுவதாகச் சொல்லி 20,000 ரூபாயைக் கையில் வாங்கியிருக்கிறார். அதற்கு ஒன்றும் எழுதித் தரவில்லை.

‘கல்லூரி’ இருந்தது களியக்காவிளை தாண்டி, கேரளத்துக்குள், ஒரு கைபேசிக் கடையின் மாடியில். வகுப்புக்கு ஒரு டிவி, ஒரு ரப்பர் பொம்மை, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. பொம்மையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியை இரண்டாவது மாதம் சம்பளம் வராமல் நின்றுவிட்டார். பிறகு பிள்ளைகளை ‘பிராக்டிகல்’ என்று வீடுகளுக்கு அனுப்பினார்கள். இவளை அனுப்பியது கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தம்பதி வீட்டுக்கு. இரட்டைக் குழந்தைகள். குழந்தைகளோடு சமையலும் துணி துவைப்பும் சேர்ந்துகொண்டன. ஒருநாள் தலைவலி என்று உட்கார்ந்தபோது அந்த வீட்டு அம்மா, “மாதம் பன்னிரண்டாயிரம் கொடுக்கிறோமே” என்று சொல்லியிருக்கிறார். அப்போதுதான் இவளுக்கு விஷயம் புரிந்தது. படிப்பதற்கு இவள் பணம் கட்டியிருக்கிறாள். இவள் உழைப்புக்கு நிறுவனத்தார் கூலி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா நல்லவர். சாட்சி சொல்ல வரமாட்டேன் என்றார், ஆனால் நிறுவனத்துக்கு அனுப்பிய ஜிபே பரிமாற்றத்தின் படத்தை அனுப்பித்தந்தார்.

இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘கட்டிய கட்டணம் திரும்பத் தரப்படாது’ என்று விண்ணப்பத்தில் இருக்கும் வரியைக் காட்டினார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களும் மாற்றுச் சான்றிதழும் அவர்களிடமே இருந்தன. மீதிக் கட்டணம் கட்டினால்தான் தருவார்களாம்.

“பைசா கெடைக்கலன்னாலும் கொள்ளாம் சாரே. பிள்ளைக்க சர்ட்டிபிக்கேட்ட மட்டும் வாங்கித் தாங்க,” என்றார் தாய்.

அது எளிதான பகுதி. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவைக் காட்டிப் பாக்கிக்காகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் போன கையோடு கூரியரில் வந்து சேர்ந்தன. மதிப்பெண் சான்றிதழில் கோப்புக் கம்பிக்காக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். ஒன்று, பிறந்த தேதியின் மேலேயே விழுந்திருந்தது. அசல் சான்றிதழைத் துளைபோட்டுக் கோக்கிற கல்லூரியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பணத்துக்கு எங்கே போவது? விண்ணப்பப் படிவத்தில் ‘திருவனந்தபுரம் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று ஒரு வரி. தாய்க்குப் பெரிய பயமே அதுதான்: “கேரளாவுக்கு கேஸு நடத்தப் போணுமா சாரே?” எல்லையோரத்துக்காரர்களுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. பழைய 1986 சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குமூலம் எழுந்த இடத்திலோதான் புகார் போடலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலும் போடலாம் என்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டோம்.

ஒரு கண்ணியைத் தாண்ட வேண்டியிருந்தது. ‘கட்டணம் திரும்பத் தரப்படாது’ என்பதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரைக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது, மாவட்டத்துக்கு அல்ல. அதனால் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டில் மட்டும் புகாரை நிறுத்தினேன். ஜிபே படத்துக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் சாட்சியச் சட்டம் 65பி சான்றும் இணைத்தேன். நுகர்வோர் ஆணையத்தில் அவ்வளவு கறார் வேண்டியதில்லை என்பார்கள். மேல்முறையீடு என்று ஒன்று உண்டல்லவா?

வெளிநாட்டு வேலை ஆசை காட்டியது தனி விவகாரம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக்கூடாது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதினோம். தாள் நகர்ந்தது, ஆள் நகரவில்லை.

நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் பதிலுரை போட வேண்டும்; மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. எதிர்தரப்பு கெடு முடியும் தறுவாயில் பதிலுரை போட்டது. அதைப் படித்தபோதுதான் வழக்கில் எனக்கு உண்மையான ருசி தட்டியது.

‘நாங்கள் ஒரு கல்வி நிறுவனம். கல்வி என்பது சேவை அல்ல. ஆகவே நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை.’

வெறும் சவடால் அல்ல இது. மனு சோலங்கி எதிர் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் என்ற வழக்கில் தேசிய ஆணையத்தின் மூவர் அமர்வு 2020 ஜனவரியில், தொழிற்படிப்பு உட்பட கல்வி தரும் நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சொல்லியிருக்கிறது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது, ஆனால் தேசிய ஆணையத்தின் சொல் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. எதிர்தரப்பு வக்கீல் இளைஞர், நன்றாகப் படித்து வந்திருந்தார். தீர்ப்பின் பத்தி எண்ணெல்லாம் சொல்லி வாதாடினார்.

என் பதில் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது, அதே தீர்ப்பு பயிற்சி மையங்களை, அதாவது கோச்சிங் சென்டர்களை, அந்த விலக்குக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. காரணமும் சொல்லியிருக்கிறது: அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு இல்லை, அவை பட்டமோ பட்டயமோ வழங்குவதில்லை. 2009-இல் பாட்னா புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி வழக்கில், பல்கலைக்கழக இணைப்போ பல் மருத்துவக் கவுன்சில் அங்கீகாரமோ இல்லாமல் மாணவர்களைச் சேர்த்ததைச் சேவைக் குறைபாடு என்றே உச்சநீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. உங்களை அங்கீகரித்தது யார்?

ஆணையத் தலைவரும் அதையே கேட்டார். எதிர்தரப்பு மூன்று சான்றிதழ்களைத் தாக்கல் செய்தது. ஒன்று லண்டன் முகவரியோடு ஏதோ ஒரு ‘கவுன்சில்’ தந்த உறுப்பினர் சான்று. இரண்டாவது ஐஎஸ்ஓ 9001. அது நிர்வாக முறை பற்றிய தரச்சான்று, சான்றளிக்கும் தனியார் அமைப்புகள் தருவது. பாடத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மூன்றாவது உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்துகிறவர் தாமே இணையத்தில் விவரம் நிரப்பி இலவசமாக எடுத்துக்கொள்ளும் பதிவு அது. அதை வாங்கிப் பார்த்த தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “முதன்மைச் செயல்பாடு: சேவைகள். கல்வி சேவை அல்ல என்கிறீர்கள், உங்கள் சான்றிதழ் சேவை என்கிறதே?” என்றார். பின்வரிசையில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது காலாக நான் வைத்திருந்தது அந்த ரசீது. கட்டணம் ஒரு லட்சம். மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் ஜிஎஸ்டி கட்டுவதில்லை. 2017 ஜூன் 28-இல் வந்த 12/2017 அறிவிக்கை, கல்வி நிறுவனம் தன் மாணவருக்குத் தரும் சேவைக்கு வரிவிலக்கு தருகிறது. பள்ளிக் கல்வி, சட்டத்தால் ஏற்கப்பட்ட தகுதிக்கான படிப்பு, அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பயிற்சி ஆகியவற்றைத் தருவதுதான் அங்கே கல்வி நிறுவனம். அங்கீகாரம் உள்ள கல்லூரி என்றால் இந்த 18,000-ஐ எதற்கு வாங்கினீர்கள்? வரி விதிக்கத்தக்க சேவை என்றால் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வரித்துறைக்கு முன்னால் கடையாகவும் ஆணையத்துக்கு முன்னால் கல்லூரியாகவும் இருக்க முடியாது என்றேன். இளைஞர் வாய்தா கேட்டார். கொடுத்தார்கள். அடுத்த வாய்தாவிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

குழந்தை பராமரிப்புக்கு இந்தியாவில் முறையான பாடமே இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்ததும் எடுபடவில்லை. 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கான திறன் கவுன்சிலின் கீழ் குழந்தைப் பராமரிப்பாளர் பயிற்சிக்கு வரையறை உண்டு. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்து படித்தால் மாணவர் காசு கட்ட வேண்டியதில்லை. சான்று தரும் அமைப்புகளை அங்கீகரிக்க என்சிவிஇடி என்ற தேசியக் கவுன்சில் இருக்கிறது. இவற்றில் ஒன்றின் கடிதம்கூட இவர்களிடம் இல்லை.

அடுத்த ஆண்டு உத்தரவு வந்தது. ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 1,18,000 ரூபாயை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்கு 25,000, செலவுத்தொகை 5,000. பிள்ளையைச் சம்பளமில்லாமல் வேலைக்கு விட்டுக் காசு பார்த்ததை முறையற்ற வணிக நடைமுறை என்று உத்தரவு தனிப் பத்தியில் எழுதியிருந்தது. இழப்பீடு இன்னும் கூடுதலாக வந்திருக்க வேண்டும் என்பது இன்றும் என் எண்ணம். மார்த்தாண்டம் முகவர் வாங்கிய 20,000 ஆதாரம் இல்லாததால் தள்ளுபடி.

மேல்முறையீடு போக வேண்டுமென்றால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அவர்கள் போகவில்லை, பணமும் தரவில்லை. உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிற 72-ஆம் பிரிவில் மனுப் போட்டதும் டிடி வந்தது. தாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “முகவருக்க பைசா போச்சு, இல்லியா சாரே?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

மகள் இலவசப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து முடித்து, இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறாள். இ.எஸ்.ஐ. பிடித்தம் போகச் சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சேர்வதற்கு முன் நியமனக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பி, “இதில் எங்கேயாவது சிக்கல் இருக்கா சார்?” என்று கேட்டாள். அசல் சான்றிதழ்களை ஓராண்டுக்கு நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஏழாவது பிரிவு. அடித்துவிட்டு நகல் கொடுக்கச் சொன்னேன். அவர்களும் சரி என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள்.