குறை எதுவும் இல்லை

தம்பியின் கார் வாசலூர்பட்டியில் என் வீட்டுக் கொட்டகையில் எட்டு மாதம் நின்றது. இரண்டு கதவுள்ள ஆடி டிடி, இரண்டாம் தலைமுறை, பெட்ரோல் டர்போ. வேறொருவர் ஓட்டி விற்றதை அவன் வாங்கியிருந்தான். கொல்லிமலைக்கு இப்படியொரு வண்டி எந்த விதத்திலும் பொருந்தாது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறி வர 70 கொண்டை ஊசி வளைவுகள். தரையை ஒட்டி ஓடுகிற வண்டி. மிளகு மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் அது ஊர்ந்து வருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவனுக்கு அந்த வளைவுகளுக்காகத்தான் வண்டி. கடைசியாக அவனே ஓட்டி வந்தான். அதன் பிறகு ஆஸ்பத்திரி. அதன் பிறகு அவன் இல்லை. சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது.

"பெரியப்பா, அந்த வண்டிய நான் எடுத்துக்கட்டுமா?" என்று அவன் மகள் கேட்டபோதுதான் கொட்டகையைத் திறந்தேன். பேட்டரி செத்திருந்தது. வேறு வண்டியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பினோம். இன்ஜின் ஒரு குறையுமில்லாமல் பேசியது. ஆனால் மீட்டர் பலகையில் ஏபிஎஸ் விளக்கும் ஈஎஸ்பி விளக்கும் அணையவில்லை.

ஏபிஎஸ் இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். அவசரத்தில் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், அவ்வளவுதான். சமவெளியில் இதை 'அவ்வளவுதான்' என்று சொல்லலாம். மழை நாளில் இந்த மலையில் இறங்குகிறவள் விஷயத்தில் சொல்ல முடியாது. 1998இல் வந்த முதல் தலைமுறை டிடி அதிவேகத்தில் நிலைதடுமாறி ஐரோப்பாவில் விபத்துகள் நேர்ந்தன. அதற்குப் பிறகு அந்த நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து ஈஎஸ்பியும் பின்புற இறக்கையும் பொருத்திக் கொடுத்தது. அந்த விளக்கு அலங்காரத்துக்காக வைத்ததல்ல.

சமவெளியில் ஒரு பணிமனைக்குப் போன் செய்தேன். இரண்டு விளக்கு என்று கேட்டதுமே ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டி வரலாம் என்றார்கள். வண்டியைத் தூக்கிக் கொண்டுபோக லாரி அனுப்புவார்களாம். அவர்கள் சொன்ன தொகை என் மூன்று மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. வண்டியைப் பார்க்காமலே இதைச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. கருவி ஒன்றை நானே வாங்கிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் வாங்கியது சில நூறு ரூபாய் பெறும் பொருள். தீப்பெட்டி அளவு. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்காலருகே உள்ள பதினாறு முனைச் சொருகியில் செருகினால் போனோடு பேசும். இவற்றையெல்லாம் ஈஎல்எம் 327 என்கிறார்கள். கனடாவில் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்த சில்லின் பெயர் அது. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லை. உலகம் முழுக்க நகல்கள் பெருகின. 2022இல் மூல நிறுவனம் கடையை மூடிவிட்டது. நகல்கள் ஜீவித்திருக்கின்றன. இலக்கிய உலகில் நமக்குப் பழக்கமான விவகாரம்தான்.

செருகினேன். போனில் பச்சை எழுத்தில் பதில் வந்தது: குறை எதுவும் இல்லை.

கண்ணெதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள். கையில் 'குறை எதுவும் இல்லை'. கருவி பொய் சொல்கிறது என்றே முதலில் நினைத்தேன். அப்படியல்ல என்பது பிறகு விளங்கியது. இந்தச் சொருகி வந்த கதை அப்படி. லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்தில் திணறிய கலிஃபோர்னியா, வண்டியின் புகையை வண்டியே கண்காணிக்க வேண்டும் என்று விதி செய்தது. 1996இல் அமெரிக்கா முழுமைக்கும் ஒரே சொருகி, ஒரே குறியீட்டு முறை என்று ஆயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல். இந்தியாவில் 2010இல் முதல் கட்டம், 2013இல் இரண்டாம் கட்டம். அக்கறை எல்லாம் புகை பற்றியது. ஆகவே இன்ஜினிடம் யாரும் கேட்கலாம், அது பொது மொழியில் பதில் சொல்லியாக வேண்டும். பிரேக், காற்றுப்பை, கதவு, விளக்கு இவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்தந்தக் கம்பெனியின் சொந்த மொழியில் பேசுகின்றன. என் தீப்பெட்டிக்கு அந்த மொழி தெரியாது. அது இன்ஜினை மட்டும் விசாரித்துவிட்டு வண்டிக்கே நற்சான்றிதழ் கொடுத்துவிட்டது.

விமர்சனம் பற்றி நாம் இத்தனை வருஷம் போட்ட சண்டைகள் அப்போது ஞாபகம் வந்தன. 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பா, அலசித்தான் சொல்ல வேண்டும் என்றார். க.நா.சு. தன் ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார். எது சரியான கருவி என்பதாகவே அந்தத் தர்க்கம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று என்று இப்போது எனக்குப் படுகிறது. எந்தக் கருவியானாலும் அதன் 'இல்லை'க்கு, அது கேட்கத் தெரிந்த கேள்விகளின் எல்லைக்குள்தான் அர்த்தம். ஒரு கவிதையிடம் சமூகப் பார்வையை மட்டும் கேட்டுவிட்டு, அல்லது படிமத்தை மட்டும் கேட்டுவிட்டு, "இதில் ஒன்றுமில்லை" என்று எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. நானும் எழுதியிருக்கிறேன்.

ஆக, அந்தக் குடும்பத்து வண்டிகளின் மொழி தெரிந்த கருவி தேவை. தேர்வு இரண்டில் வந்து நின்றது. ஒன்று லிதுவேனியாவிலிருந்து வரும் ஓபிடி இலெவன். போனிலேயே வேலை நடக்கும், கையடக்கம், விலையும் குறைவு. மாற்றங்கள் பலவற்றை ஒரே தட்டலில் செய்துதரும், அதற்குத் தனியே காசு. ஆனால் அதற்கு இணையத் தொடர்பு வேண்டும். எங்கள் கொட்டகையில் போனை ஜன்னல் பக்கம் நீட்டினால்தான் சிக்னல். மற்றது அமெரிக்காவில் ராஸ்-டெக் நிறுவனம் செய்யும் விசிடிஎஸ். கேபிளும் லாப்டாப்பும் வேண்டும், விலை அதிகம். எத்தனை வண்டிகளுக்கு என்று கணக்குப் போட்டு விற்கிறார்கள். எனக்கு மூன்று வண்டிக் கணக்கே மிச்சம். இணையம் இல்லாமல் ஓடும். முக்கியமாக, அது தட்டினால் பலன் தருகிற பொத்தான்களை நீட்டுவதில்லை. பெட்டி பெட்டியாகத் திறந்து அங்கே எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே காட்டுகிறது. படிப்பது உங்கள் பாடு. இதற்கும் மலிவான திருட்டு நகல்கள் உண்டு. இன்ஜினைப் படிக்க நகல் போதும் என்று இருந்துவிடலாம். பிரேக் பெட்டியில் எழுதவும் கூடிய ஒரு கருவியில் நகலை நம்ப எனக்கு மனம் வரவில்லை. பழைய லாப்டாப் வீட்டில் இருந்தது. அசலையே வாங்கினேன்.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்தபின் எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக விசாரித்தது. இன்ஜினுக்கு 01, பிரேக்குக்கு 03, மீட்டர் பலகைக்கு 17 என்று ஒவ்வொன்றுக்கும் எண். பதினோரு குறைகள். பயந்துபோனேன். பார்த்தால் பெரும்பாலானவை மின்னழுத்தம் குறைந்தது என்ற ஒரே புகார்தான். பேட்டரி சாகும்போது ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே முனகியிருக்கிறது. உண்மையான குறை பிரேக் பெட்டியில் ஒன்று: 00287, வலது பின்சக்கர வேக உணரி, இணைப்பு அறுந்தது.

குறியீட்டோடு இரண்டு தகவல்கள் சேர்ந்து வருகின்றன. குறை பதிவான தேதி, அப்போது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர். தேதி நான் கிளப்பிய தேதி. கிலோமீட்டர் மீட்டரில் இப்போது நிற்கும் அதே எண். ஓடும்போது தேய்ந்தோ அடிபட்டோ போனதல்ல, நின்ற இடத்திலேயே அறுந்திருக்கிறது. நின்ற வண்டியில் கம்பி எப்படி அறும்? செம்மேட்டிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், பொட்டி எல்லாம் அப்புறம். மொதல்ல சாமை மூட்டைய எடுங்க."

கொட்டகையில் சாமை மூட்டையை வைத்தவன் நான். அதற்கு வந்த எலி, போகிற வழியில் கம்பியையும் ருசி பார்த்திருக்கிறது. இரண்டு கம்பிகளையும் பற்றவைத்து உறை போட்டார். நான் லாப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ள, அவர் மெதுவாக ஓட்டினார். முன்பு மூன்று சக்கரங்கள் வேகம் காட்ட, நான்காவது பூஜ்யத்தில் நின்றது. இப்போது நான்கும் ஒரே எண்ணைச் சொல்லின. ஊர் எல்லைக்குள்ளேயே இரண்டு விளக்குகளும் அணைந்தன.

கட்டுரை இங்கே முடிந்திருக்கலாம். படிக்கிற வேலை முடிந்தது, எழுதுகிற வேலை பாக்கியிருந்தது. கோடிங் என்பது அதுதான்: பெட்டியில் உள்ள எண்ணை மாற்றினால் வண்டியின் சுபாவம் மாறும். சீட் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணியைத் தம்பி நிறுத்தி வைத்திருந்தான். "நச்சரிப்பு தாங்கல அண்ணா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மீட்டர் பலகையின் பெட்டியைத் திறந்தால் அது தெரிந்தது. யாருடைய கருவி எழுதியது என்பதற்கு ஒரு பணிமனை எண்ணும் கூடவே பதிவாகிறது. அந்தப் பெட்டியில் மட்டும் மற்றவற்றில் இல்லாத ஓர் எண். மணியைத் திரும்பப் போட்டால் அந்த எண் போய் என் கருவியின் எண் வரும். அவன் இந்த வண்டியில் செய்ததற்கு இருந்த ஒரே சாட்சி அது. சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மணியைப் போட்டேன். ஓட்டப்போகிறவள் அவன் மகள்.

பிறகு மின்னழுத்தப் புகார்களை ஒவ்வொன்றாக அழித்து வந்தேன். பிரேக் பெட்டியில் இருந்ததை அழிக்கும் முன் தேதியைப் பார்த்தேன். அது இந்த எட்டு மாதத்தில் வந்ததல்ல. அவன் கடைசியாக மலை ஏறிய நாள், மாலை 5.40. கிலோமீட்டர் இப்போது இருப்பதைவிட 14 குறைவு. அதாவது, வழியில் வளைவுகளுக்கு நடுவே இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பியிருக்கிறான். தளர்ந்த பேட்டரி அந்த ஒரு கணத்தில் முனகியிருக்கிறது.

அன்று இரவு "வண்டி எப்படி ஏறிச்சு?" என்று கேட்டேன். "ஒரே மூச்சு. ஒரு குறையும் இல்ல அண்ணா" என்றான். வண்டியைப் பற்றித்தான் கேட்டேன், அவனும் வண்டியைப் பற்றித்தான் சொன்னான். ஏன் நிறுத்தினான் என்று குறியீடு சொல்லாது. இயற்கைக் காட்சியைப் பார்க்கவும் நிறுத்தியிருக்கலாம். நான்கு நாள் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் மலை இறங்கினோம்.

ஒரு பெட்டியில் உள்ள குறைகளை அழித்தால் எல்லாம் சேர்ந்து அழியும், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. விளக்கு அணைந்துவிட்டதால் அழித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 03ஐ அப்படியே விட்டுவிட்டேன். வண்டியைக் கொடுக்கும்போது மகளிடம் எலியைப் பற்றியும் மணியைப் பற்றியும் சொன்னேன்.