ஹார்ன் அடிக்காத ஊர்

கோலாலம்பூருக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு விஷயம் என் காதுக்குப் பிடிபடவே இல்லை. இத்தனை வண்டிகள் ஓடுகின்றன, ஹார்ன் சத்தத்தையே காணோம்! வானொலியில் பேசிப் பிழைப்பவன் நான். சென்னை அண்ணா சாலையின் இரைச்சலில் ஊறிய காது வேறு. இந்த அமைதியைக் கேட்டதும், 'அடடா, என்ன ஒழுக்கமான ஊர்!' என்றுதான் தோன்றியது.

நம் ஊரிலிருந்து வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். சிவப்பு விளக்கு எரிந்தால் கார்கள் நிற்கின்றன. சாலைகள் அகலமாக, மழமழவென்று கிடக்கின்றன. நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால், கணக்கு வேறு கதை சொல்கிறது.

2022-ல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,080 பேர். நாட்டின் மக்கள்தொகை சுமார் 3.3 கோடி. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 17,884 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். லட்சம் பேருக்கு எத்தனை உயிர் என்று பார்த்தால், இங்கே சுமார் 18, நம் ஊரில் சுமார் 23. பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் 2 மட்டுமே. சாலையைப் பார்த்தால் சிங்கப்பூருக்குச் சொந்தம் போல இருக்கிறது. சாவுக் கணக்கில் மலேசியா நமக்குத்தான் நெருங்கிய உறவு.

என்னை அடிக்கடி ஏற்றிச் செல்லும் டாக்ஸிக்கார அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவர் ஒருநாள் சொன்னார்: "உங்க ஊர்ல சத்தம் போட்டுட்டு வருவான் தம்பி. இங்க வர்றதே தெரியாது. வேகம் அப்படி."

காதை நம்பும் மனிதர்கள்

நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸ் பகுதியில். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர். மல்லிகைச் சரமும் வாழையிலைச் சாப்பாடும் பழைய பாட்டுமாக, துன் சம்பந்தன் சாலை நம் ஊர்க் கடைவீதி போலவே இருக்கும். 2010-ல் இதை 'லிட்டில் இந்தியா' என்று புதுப்பித்தபோது, அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே வந்திருந்தார்.

இங்கே இன்னொரு சிறப்பும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது இந்தப் பகுதியில்தான். அதனால் வெள்ளைக் கோலுடன் நடந்து செல்பவர்களை எந்த நேரமும் பார்க்கலாம். பலர் மசாஜ் நிலையங்களில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கால்களால் தடவி நடப்பதற்காக நடைபாதையில் மேடு வைத்த கற்களைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு.

சாலையைக் கடக்க நிற்கும் அவர்களைப் பார்த்துத்தான் நான் பாடம் கற்றேன். பச்சை விளக்குக்கான ஒலி வந்தாலும் உடனே காலை எடுத்து வைப்பதில்லை. வண்டிகள் உண்மையிலேயே நின்றுவிட்டனவா என்று ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கிறார்கள். நாமோ பச்சை விளக்கை நம்பி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறோம். கார்கள் நின்றிருக்கும், அவற்றின் இடுக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்காமல் சீறி வரும். டாக்ஸியிலிருந்து இறங்கும்போதும் இதே கதைதான். இடதுபக்கம் நடைபாதைதானே என்று கதவைப் படாரென்று திறக்கக் கூடாது. அந்த இடுக்கிலும் வண்டி வரும்.

கிள்ளான் போகும் வழி

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு பெடரல் ஹைவே வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் சிலாங்கூர் எல்லையைக் காட்டும் பிரம்மாண்டமான வளைவைத் தாண்டினால், சாலையோரம் ஒரு குட்டிச் சாலை கூடவே வருவதைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமான தனித்தடம் அது. 1970-களிலேயே போடத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் அதை நீட்டித்தபோது, அந்தப் பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததை மலேசிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஜிஎஸ்டி சாலையில் தினமும் உயிரைப் பிடித்துக்கொண்டு பைக் ஓட்டும் நம் மக்களுக்கு இது ஏக்கம் தரும் காட்சி.

ஆனால், எல்லாச் சாலையிலும் இந்தத் தடம் இல்லை. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். மாலை மழை கொட்டத் தொடங்கினால் மேம்பாலங்களுக்கு அடியில் வண்டிகள் வரிசையாக ஒதுங்கும். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டவர்கள் நடுங்கியபடி நிற்பார்கள். இரண்டடி தள்ளி கார்கள் பறந்துகொண்டிருக்கும்.

கிள்ளானில் ஆபத்தின் உருவம் பெரிது. துறைமுக ஊர் என்பதால் கண்டெய்னர் லாரிகள் ஓயாது. லாரியின் இடதுபக்கம் ஒட்டிப் போகிறவரை ஓட்டுநரால் பார்க்கவே முடியாமல் போகலாம். 2025 மே மாதம் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் ஒரு லாரி மோதி 9 போலீஸார் இறந்தார்கள். அடுத்த மாதமே கெரிக் அருகே பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் பலியானார்கள். அதன் பிறகுதான் கனரக வாகனங்களைப் பற்றி நாடே பேசியது. இத்தனைக்கும், 1960-களின் தொடக்கத்திலேயே வண்டிகளுக்கு மேல்தளம், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கீழ்த்தளம் என்று ஆற்றின் மேல் ஈரடுக்குப் பாலம் கட்டிய ஊர் கிள்ளான்!

யார் வீட்டுப் பிள்ளை?

இந்தச் சாலைகளில் வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் நடக்கிறார்கள், அல்லது மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். உணவகத்தில் இரவு 12 மணிக்கு வேலை முடித்து, கூட்டாளியின் பழைய வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டு அறைக்குத் திரும்பும் ராமநாதபுரத்துப் பையனைக் கற்பனை செய்து பாருங்கள். ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இல்லையென்றால், விபத்து நடந்தபின் காப்பீடும் கைவிடலாம். அவனை நம்பி ஊரில் ஒரு குடும்பம், தீராத ஒரு கடன்.

பலருக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல், முறையான அனுமதியோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 'சொக்சோ' எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் வருகிறார்கள். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் மட்டுமல்ல, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் விபத்து நடந்தாலும் இழப்பீடு கேட்கலாம். ஆனால், முதலாளி பதிவு செய்திருக்க வேண்டும்.

இங்கே ஓட்டப் போகிறவர்களுக்கு இன்னும் சில: நம் ஊர் 'ஃப்ரீ லெஃப்ட்' பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள், சிவப்பு விளக்கில் இடதுபக்கம் திரும்புவதும் குற்றம்தான். காரின் பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம், 2009 முதல். குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டுகள் சிறை; 2020-ல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். விபத்து நடந்தால் 999-ஐ அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் பதிய வேண்டும். பயந்து ஒளிந்தால் உரிமையும் போய்விடும்.

உங்கள் பிள்ளையோ தம்பியோ இங்கே இருந்தால், இன்று இரவு வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டியா?' என்று கேட்ட பிறகு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். "வேலைக்கு எதில் போகிறாய்? சொக்சோவில் உன் பெயர் இருக்கிறதா?"