ஒரு கலசம் தண்ணீர்



அந்நிய தேசத்தில் பாளயமிறங்கிய போர்ச்சேவகனுக்குத் துப்பாக்கிக் குண்டு மட்டுமல்ல, கொசுவும் சத்துருவே. ஆப்கானிஸ்தானுக்குச் சென்ற அமெரிக்கப் படையினருக்கு மலேரியா வராதபடி டாக்ஸிசைக்ளின் என்னும் மாத்திரை கொடுக்கப்பட்டது. நாள்தோறும் 100 மில்லிகிராம்; அவ்விடத்தை விட்டு வந்த பின்னும் 4 வாரம். மெஃப்ளோகுயின் என்ற வேறொரு மருந்து சிலருக்கு மனக்கலக்கத்தையும் கொடுங்கனவுகளையும் உண்டாக்கியதால், 2009இல் அமெரிக்கத் தரைப்படை இதற்கே முதலிடம் கொடுத்தது.

நல்ல மருந்துதான். ஆனால் காவல் முடித்துக் களைத்து வந்தவன் நள்ளிரவில் என்ன செய்வான்? மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீரோடோ வெறும் எச்சிலோடோ விழுங்கி, அப்படியே சாய்ந்துவிடுவான். மாத்திரையோ இரைப்பைக்குப் போய்ச் சேராமல், உணவுக்குழாயின் நடுவே, பெருந்தமனி வளைந்து அழுத்துகிற குறுகலான இடத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அங்கே கரையும்போது அது அமிலத்தன்மை கொண்டு, மெல்லிய உட்சவ்வை அரித்துப் புண்ணாக்கும். பொழுது விடியும்போது அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுவான். எச்சிலை விழுங்கினாலும் வேதனை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ ஆறிவிடும். நிறுத்தினால் மலேரியாவுக்குக் காப்பு ஏது? வேறு மருந்து தேடவேண்டும்.

இத்தனை பாடும் ஒரு குவளைத் தண்ணீரால் விலகக்கூடியது! உணவோடு மாத்திரை, நிறையத் தண்ணீர், பின்பு அரைமணி நேரமாவது நிமிர்ந்திருத்தல், அவ்வளவே.

இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் 14ஆம் படையை நடத்திய தளபதி வில்லியம் ஸ்லிம், வீரர்கள் மெபாக்ரின் மாத்திரையை விழுங்கினார்களா என்று திடீர்ச் சோதனை செய்வித்தார். தவறிய பிரிவுகளின் அதிகாரிகள் மூவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மலேரியா படையையே அழிக்கக்கூடியதாயிருந்தபடியால் அக்கண்டிப்பை நான் குறைகூறேன். ஆயினும், "விழுங்கினாயா?" என்று கேட்கிறவர்கள் எங்கும் உண்டு. "எதைக்கொண்டு விழுங்கினாய், பிறகு எப்போது படுத்தாய்?" என்று கேட்கிறவர்கள் குறைவு. கட்டளையிடுகிறவன் தண்ணீரையும் நேரத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நம் ஊரில் எலிக்காய்ச்சலுக்கும் இதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். "தண்ணீரே வேண்டாம் ஐயரே, அப்படியே விழுங்கிவிடுவேன்" என்று பெருமையாய்ச் சொல்லும் பெரியவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றிரவு கலசத்தை நிரப்பி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் குடித்து முடித்ததும் எழுந்து போய்விடாமல், அந்த அரைமணி நேரமும் அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.